இரண்டு முதல் ஐந்து வரை

அசைகிற பொருள் ஒன்றுகூட உள்ளே இல்லாத அந்த டிரைவ் சத்தம் போட்டது.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அபூ நிம்ர் தன் ஜெனரேட்டருக்கு வழக்கம்போல ஓய்வு கொடுத்த பிறகுதான் விஸால் அதைக் கேட்டாள். பெய்ரூத்தில் அவள் இருக்கும் தெரு முழுக்க அபூ நிம்ரின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அரசாங்கக் கரண்ட் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. கோடையில் இரண்டிலிருந்து ஐந்து வரை அந்த ஆளும் நிறுத்திவிடுவார். அந்த நேரம் வந்ததும் காலையிலிருந்து காதில் ஒட்டிக்கொண்டிருந்த உறுமல் அறுந்து, ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கி, லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாரோ மூன்றாம் மாடியில் கதவை உதைத்துத் திட்டி, பிறகு அதுவும் ஓய்ந்து, ஆறாவது மாடியில் ஜன்னலே இல்லாத அவளுடைய வேலை அறை பட்டப்பகலில் கிணற்றின் அடி மாதிரி இருண்டு குளிர்ந்து கிடக்கும். அப்படிக் கிடந்தபோதுதான் கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

பழைய காலத்து டிஸ்க் என்றால் உள்ளே தகடு சுழலும், ஊசி தட்டும், சத்தம் வருவது நியாயம். இது எஸ்எஸ்டி. சீட்டுக்கட்டை விட மெல்லிய தட்டு, உள்ளே சில்லுகள் மட்டும். போதாக்குறைக்குக் கம்ப்யூட்டரை அணைத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சூடான தகரம் ஆறும்போது சுருங்கும், அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைப் பற்றிக் கவலைப்பட நேரமும் இல்லை. அந்த டிரைவ் ஏற்கெனவே அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

விஸால் கல்யாண வீடியோ எடுப்பவள். தனியாக இருக்கிறாள், தனியாகவே வேலை செய்கிறாள். படவேலைக்கென்று தனியாக வாங்கிய அந்த டிரைவில் பாஅல்பெக் ஊர்ப் பெண் லமீஸின் கல்யாணம் இருந்தது. கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் லமீஸின் அப்பா ஹாஜ் நஸூஹ் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்த நாற்பதாம் நாள். அன்றைக்கு வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடும்போது அவர் ஆடியதையும் சிரித்ததையும் போட்டுக் காட்ட வேண்டும் என்று குடும்பம் கேட்டிருந்தது. அவர் நடமாடிய படம் வேறு எங்கும் இல்லை. கேமராவின் கார்டுகளை விஸால் மறுநாளே அழித்திருந்தாள். கல்யாண சீசனில் வாரத்துக்கு மூன்று கல்யாணம் இருக்கும், கார்டு நான்குதான் இருந்தது. எல்லாரும் செய்வதுதான். ஆனால் எல்லாருக்கும் ஒன்பதாம் நாள் அப்பா இறந்துபோவதில்லை.

டிரைவோ நகர மறுத்தது. நொடிக்கு ஐந்நூறு மெகாபைட் ஓட வேண்டியது மூன்றில் முனகியது. ஒரு காட்சியை இழுத்து வைத்தால் திரை உறைந்து, காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நின்றது. ஹாரூத்துக்கு போன் போட்டாள். புர்ஜ் ஹம்மூதில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அர்மீனியன்.

"இடம் எவ்வளவு பாக்கி இருக்கு மேடம்?"

"பத்து ஜிபி."

"அப்புறம் எப்படி நகருவான்? பஸ்ல மூச்சு விட இடம் இல்லாம ஏத்திட்டு ஓடு ஓடுன்னா எப்படி. பழசை எல்லாம் தூக்கி எறிங்க. எறிஞ்சிட்டு டிரிம் போடுங்க. நீங்க அழிச்சாலும் அந்த இடம் காலின்னு அவனுக்குத் தெரியாது, நாமதான் சொல்லணும்."

மனசே இல்லாமல் பழைய கல்யாணங்கள் ஆறை அழித்தாள். எழுபது ஜிபி காலியானது. டிரிம் போட்டாள், கேபிளை மாற்றினாள், டிரைவின் உள் மென்பொருளைப் புதுப்பித்தாள், பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி மேஜை விசிறியைத் திருப்பி வைத்தாள். பதினைந்து நிமிடம் குதிரை போல ஓடியது. செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி ஆமை. இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். இருபத்தொன்று. அவள் அதில் ஒரு பைட்கூட எழுதவில்லை.

"பொய் சொல்றேனா நான்?" என்று போனில் சீறினாள். "நீயே வந்து பாரு."

ஹாரூத் வந்தான். லிஃப்டை நம்பாமல் ஆறு மாடி ஏறி வந்தவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"இந்த வயித்தை வச்சிக்கிட்டு இவ்வளவு உயரத்துல இருக்கறவங்களோட சகவாசமே வச்சிக்கக் கூடாது," என்றான் பிறகு. உட்கார்ந்து டிரைவின் உடல்நலக் கணக்கைத் திறந்தான். "பாருங்க. தொண்ணூத்தேழு சதவீதம். இதுவரைக்கும் ஓடினது பதினோராயிரத்து இருநூத்து நாலு மணி நேரம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கான். உங்களுக்குத்தான் தூக்கம் பத்தல."

"சத்தம் போடுதுன்னேனே."

"எஸ்எஸ்டி சத்தம் போடாது மேடம்."

"போடுதுங்கறேன்."

அவன் அவளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். "டாக்டர் யாரையாவது பாருங்க," என்றான், பாதி விளையாட்டாக.

அவன் கிளம்பியபோது மணி இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. விஸால் கடுப்போடு கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிப் போட்டாள். ஜெனரேட்டர் நின்றது. டிக். டிக். சோபாவில் உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றிப் பெட்டியின் மேல் எறிந்தாள். "உன்னைச் செஞ்சவன் நாசமாப் போக," என்றாள். ஐந்து மணிக்கு நடைவழி பல்பு எரிந்தது. கரண்ட் வந்தது தெரிய வேண்டும் என்று அந்த பல்பின் ஸ்விட்சை யாரும் அணைப்பதில்லை, அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிளக்கைச் செருகி உடல்நலக் கணக்கைத் திறந்தாள். பதினோராயிரத்து இருநூற்று ஏழு.

மூன்று மணி நேரம். பிளக்கே இல்லாமல்.

யார் தின்கிறார்கள் இந்த இடத்தை என்று கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு கோப்பு ஊதிப்போய் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தேழாம் காட்சி. அவள் நான்கு நிமிடம் எடுத்தது. இப்போது பதினொன்றரை மணி நேரம் என்றது.

திறந்தாள். தப்கே ஆட்டம். கைகோத்த வரிசை தரையை உதைத்து உதைத்து நகர, வரிசையின் தலையில் ஹாஜ் நஸூஹ். வலது கையில் தஸ்பீஹ் மணிமாலையைச் சுழற்றிக்கொண்டு, இடது கையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எழுபது வயசில் பையன் மாதிரி துள்ளுகிற மனுஷன். கேமராவைப் பார்த்து ஒருமுறை கண்ணடித்தார். நான்கு நிமிடம் முடிந்ததும் திரை கறுத்தது. ஆனால் காட்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கறுப்பு. கறுப்புக்குள் சத்தம். தூரத்தில் ஒரு உறுமல் அறுவது. ஃபிரிட்ஜ் குலுங்கி அடங்குவது. யாரோ லிஃப்ட் கதவை உதைப்பது. விஸால் சுட்டியை இழுத்து, இழுத்து, கடைசிக்குப் போனாள். ஏதோ பெட்டியின் மேல் விழுந்தது. ஒரு பெண் குரல், அலுத்துப்போய்: உன்னைச் செஞ்சவன் நாசமாப் போக.

அந்தக் குரலுக்கு ரொம்பப் பக்கத்தில் டிக். டிக். மணிகள். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுகிற மணிகள்.

பயந்தாள். பயத்தை விட எரிச்சல் அதிகமாக வந்தது என்பதுதான் உண்மை. நாலு நாளில் படம் வேண்டும், இது வேறா. புதன்கிழமை இரண்டு மணிக்கு டிரைவைப் பெட்டியிலிருந்தே கழற்றி எடுத்தாள். கேபிள் இல்லை, எதுவும் இல்லை. ஒரு துண்டில் சுற்றி, தக்காளிக் கூடையைத் தள்ளி, ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் கதவை அறைந்து மூடினாள். ஐந்து மணிக்கு எடுத்தபோது பாத்திரங்களில் குளிர் மிச்சம் இருந்தது. துண்டில் ஈரம் இருந்தது. டிரைவ் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இயந்திரச் சூடு அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்காகத் தொட்ட சூடு. இது அது இல்லை. ஒருவர் இவ்வளவு நேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் விட்ட கை மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை லமீஸ் கூப்பிட்டாள்.

"விஸால் அக்கா, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஆயிடும் இல்ல?"

"ஆயிடும்மா."

"அப்பா தப்கே ஆடற இடத்தை மட்டும் குறைச்சிடாதீங்க. அவர் கையைப் பிடிச்சிட்டு ஆடினது நான்தான். விடவே மாட்டேன்னாரு. கால் வலிக்குதுப்பான்னேன், வரிசை அறுந்தா அபசகுனம்டீன்னு சிரிச்சாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்ப என் கல்யாணத்துல அவர் இருந்தாருங்கறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"குறைக்க மாட்டேன்," என்றாள் விஸால். போனை வைத்துவிட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அந்தக் கார்டை அழித்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அன்று மதியம் சோபாவில் அசந்து தூங்கிவிட்டாள். கரண்ட் வந்ததும் நாற்பத்தேழாம் காட்சியின் கடைசியைக் கேட்டுப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாது. மணிச் சத்தம் இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. தூங்குகிறவளின் மூச்சு, அவளுடையது, மூக்குத் துவாரத்தில் மைக்கை வைத்துப் பிடித்த மாதிரி அவ்வளவு நெருக்கத்தில். சீராக ஏறி இறங்கும் மூச்சு. அதற்குப் பக்கத்தில், அதைவிட மெதுவாக, இன்னொன்று.

முடிவெடுத்தாள். சகதியிலிருந்து மாட்டை இழுக்கிற மாதிரி வெள்ளிக்கிழமை விடிகாலையிலிருந்து இழுத்தாள். முழுக் கல்யாணத்தையும் ஒரு புதிய வெளி டிரைவுக்கு நகலெடுத்தாள். நாற்பத்தேழாம் காட்சியில் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள். இரண்டு முறை நடுவில் நின்றது, இரண்டு முறையும் மேஜையைக் குத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது. நகலை ஓட்டிப் பார்த்தாள். ஹாஜ் நஸூஹ் ஆடினார், கண்ணடித்தார். எல்லாம் பத்திரம்.

ஒன்றே முக்காலுக்கு ஹாரூத்தைக் கூப்பிட்டாள். "முழுசா அழிக்கறது எப்படி? டிரிம் கிரிம் வேண்டாம். ஒரு சொட்டு மிச்சம் இல்லாம."

"அதுக்குன்னு ஒரு கட்டளை இருக்கு மேடம், ஒரு நிமிஷம் ஆகாது. உள்ள இருக்கற அத்தனையையும் ஒரே அடியில விடுதலை பண்ணிடுவான். நகல் எடுத்துட்டீங்க இல்ல?"

"எடுத்துட்டேன்."

"அப்ப போடுங்க. புதுசு மாதிரி ஆயிடும்."

நிச்சயமா என்று திரை கேட்டது. "நீ எதுவா இருந்தாலும் சரி, போய்த் தொலை," என்று விஸால் சொன்னாள், வாய்விட்டு. அழுத்தினாள். நாற்பது நொடி. வேகத்தைச் சோதித்தாள். ஐந்நூற்று முப்பது. வாரம் முழுக்க அழ வைத்த சனியன் பட்டு மாதிரி ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் சாய்ந்து, நிம்மதியாக, தனியாகச் சிரித்தாள்.

இரண்டு மணி. ஜெனரேட்டர் நின்றது. ஃபிரிட்ஜ் குலுங்கியது. யூபிஎஸ் பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது. பத்து நிமிடம் தாங்கும். அவள் காது கொடுத்துக் கேட்டாள். பெட்டிக்குள் டிக் இல்லை. எதுவும் இல்லை.

அணைப்பதற்கு முன் இன்னொரு முறை, ஆசைக்கு, வெளி டிரைவிலிருந்து அந்த நான்கு நிமிடத்தைத் திறந்தாள்.

பாட்டு ஓடியது. வரிசை உதைத்து உதைத்து நகர்ந்தது. வரிசையின் தலையில் லமீஸ் இருந்தாள், வெள்ளை உடையில், சிரித்துக்கொண்டு. அவளுடைய வலது கை பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் மடங்கி, காற்றை இறுகப் பிடித்திருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. வெறும் விளக்கு. முகத்தைத் திருப்பி அந்த வெறுமையிடம் ஏதோ சொன்னாள். கால் வலிக்குதுப்பா.

விஸால் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். முன்னுக்கு இழுத்தாள். சாப்பாட்டு மேஜை. நாற்காலி காலி. வாசலில் வரவேற்பு. விருந்தாளிகள் யாரும் நிற்காத இடத்தில் குனிந்து முத்தமிட்டார்கள். ஒன்றரை மணிக்கு இருந்தார். ஒன்றரை மணிக்குக் கண்ணால் பார்த்தாள்.

யூபிஎஸ் ஒரே நீளமாகக் கத்தி நின்றது. திரை அணைந்தது.

இருட்டு.

போன் எங்கே. மேஜையில் தடவினாள். இல்லை.

நடைவழி பல்பு எரிந்தது.

கரண்ட் வந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தாள். ஃபிரிட்ஜ் எழவில்லை. லிஃப்ட் எழவில்லை. தெருவில் உறுமல் இல்லை. எதிர்க் கட்டடத்தில் யார் வீட்டிலும் டிவி பேசவில்லை. கட்டடம் மொத்தமும் செத்துக் கிடந்தது. அந்த ஒரு பல்பு மட்டும், மஞ்சளாக.

டிக்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நடைவழித் தரையில் ஒரு நிழல்.

டிக். டிக்.

நிழல் ஒரு காலை மெதுவாகத் தூக்கியது. தரையை உதைத்தது. மேஜையில் காப்பிக் கோப்பை அதிர்ந்தது.

கதவின் விளிம்பைத் தாண்டி ஒரு கை உள்ளே வந்தது. வயசான கை. இடது கை. உள்ளங்கையை விரித்து, தாழ்த்தி, வரிசையில் அடுத்து நிற்கப்போகிறவருக்காக நீட்டுகிற மாதிரி நீட்டி, அப்படியே நின்றது. அவசரமே இல்லாமல் நின்றது.

விஸால் கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மடியில் கிடந்த அவளுடைய வலது கை மட்டும், அவளைக் கேட்காமல், எழுந்தது.