எல்லாவற்றுக்கும் ஆம்

அது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பக்கம். அதில் ஓர் எழுத்துகூடத் தமிழ் கிடையாது. அப்படியிருக்க, திரையின் அடியில் தமிழில் ஒரு வரி வந்து நின்றதை விஜி காபி டம்ளரும் கையுமாகப் பார்த்தாள்.

‘வீட்டில் வேறு யாரும் இல்லையே?’ பக்கத்திலேயே பதில்: ‘ஆம்.’

அந்த ஆம் அவள் கைவேலைதான். கம்பெனியின் பக்கத்துக்குள் ஃபிரேம் போட்டு உட்கார வைத்திருந்த அந்த விளையாட்டு, தொட்டதற்கெல்லாம் ‘நிச்சயமா?’ என்று பெட்டி நீட்டி உயிரை வாங்கியது. சாஃப்ட்வேரைச் சோதிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனத்தை அவளும் செய்தாள்: உள்ளிருந்து கேள்வி கேட்கும் ஃபங்ஷனை, அந்த நிரல் துண்டை, வழிமறித்து, அந்த இடத்தில் தன்னுடையதைச் செருகினாள். எந்தக் கேள்வி வந்தாலும் அது அடியில் எழுதிவிட்டு, அவளைக் கேட்காமலே ஆம் சொல்லிவிடும்.

பெங்களூர் மல்லேஸ்வரத்து ஞாயிறு மதியம் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. காயாத துணியின் வாடை, ரசத்துக்குத் தாளித்த கடுகின் மிச்ச வாசனை, மேஜைக்கடியில் யுபிஎஸ்ஸின் முனகல். உள்ளறையில் கொசுவலைக்குள் மூன்று வயது மகள் அதிதி தூங்கினாள். புரண்டால் கொலுசு சொல்லிவிடும். கணவன் உமேஷ் மைசூர் போயிருந்தான்.

‘குழந்தை தூங்கிவிட்டதா?’ ‘ஆம்.’

இது கூட வேலை செய்யும் கிரணின் குறும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று, ஞாயிறு டியூட்டியில் இருந்த அவனுக்கு விஜி ஆபீஸுக்குப் போன் போட்டாள்.

“நானா? அந்த கேம் ஓடற சர்வரையே காலைல நிறுத்தியாச்சு விஜி. உனக்கு மட்டும் எப்படி ஓடுது?”

உள்ளறையில் கொலுசு ஒரு தரம் ஒலித்தது.

‘கூட்டிக்கொண்டு போகட்டுமா?’ ‘ஆம்.’

போன் கைநழுவியது. குழந்தையிடம் ஓடாமல், தொழில் புத்தி அவளை நாற்காலியிலேயே பிடித்து வைத்தது. முதலில் அதன் வாயை அடைக்க வேண்டும். ஆம் என்றிருந்த இடத்தில் இல்லை என்று மாற்றினாள். இனி எந்தக் கேள்விக்கும் இல்லை. சேமித்தாள். அப்புறம்தான் ஓடினாள்.

கொசுவலை நாலு பக்கமும் மெத்தைக்கடியில் செருகியபடியே இருந்தது. தலையணையில் சின்னக் குழிவு. குழந்தை இல்லை. கட்டிலடியில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசற்கதவு போட்ட தாழ் போட்டபடி.

கொலுசுச் சத்தம். ஹாலில். கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில்.

திரையில் புது வரி.

‘திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?’ ‘இல்லை.’

மறுபடி ஆம் என்று மாற்றக் கீபோர்டை அடித்தாள். எதுவும் அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. உள்ளே அதிதி.

‘கொடுத்துவிடட்டுமா?’ ‘இல்லை.’

‘கொடுத்துவிடட்டுமா?’ ‘இல்லை.’

ஸ்பீக்கரிலிருந்து தூக்கம் கலையாத குரல் வந்தது.

“அம்மா, ஏன் வேணாங்கற?”