கதவுக்குப் புரிந்த நிபந்தனை

இளம்பரிதி எழுந்தான். பல் தேய்த்தான். நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தான். சட்டையை மாட்டும்போது சுவரிலிருந்த காற்றுமானி மஞ்சளாயிற்று.

ஆலையிலிருந்து நச்சுக்காற்று கிளம்பிவிட்டது. சிவப்பானால் குடியிருப்பின் காற்றுப் புகாத மூச்சுக்கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். காற்று தெளியும்வரை திறக்காது. எல்லாக் கதவுக்கும் பூட்டும் நிபந்தனையைச் சி என்ற கணினி மொழியில் எழுதியவன் அவன்தான். போன தடவை அவன் மனைவி சாருலதா வாசலில் இறந்தாள். காற்று முந்திக்கொண்டது என்று விசாரணை முடிந்தது. அதன்பின் ஒரு விதி வந்தது: அக்கம்பக்கத்தார் ஒருவர் படித்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் கதவு புது நிபந்தனையை ஏற்கும்.

எதிர்வீட்டு பிலோமினா ஓடி வந்தாள்.

“எம்பொண்ணு டெய்சி ட்யூஷன்லேருந்து இன்னும் வரல தம்பி. கதவு அவளுக்காக நிக்குமா?”

“நிக்கும்க்கா.”

“எங்க எழுதியிருக்க? காட்டு.”

if (!(!உ || !ந)) பூட்டு();

“இதென்ன, கோழி கிளறின மாதிரி? மனுசங்க படிக்கிற மாதிரி எழுது.”

மறுப்புக் குறிகளைக் களைந்தான். உ, ந என்ற எழுத்துகளுக்கு முழுப் பெயர் வைத்தான்.

if (உள்ளே_ஆள்_உண்டு && நச்சுக்காற்று_உண்டு) பூட்டு();

பிலோமினா விரல் வைத்துப் படித்தாள். விரல் நின்றது.

“வெளிய நிக்கிறவங்க எங்க தம்பி?”

அவன் வரியை மறுபடி படித்தான். எத்தனையோ முறை சரிபார்த்த வரி. ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது.

“சேத்துருடா, சீக்கிரம்.”

&& வீட்டார்_யாரும்_வெளியே_இல்லை என்று சேர்த்தான். அவள் முழுவதையும் படித்துச் சம்மதித்தாள். கதவுகள் ஏற்றன.

சிவப்பு வந்தது. பிலோமினா தன் வாசலுக்கு ஓடினாள். அவள் கதவு பூட்டாமல் காத்திருந்தது. தெருமுனையிலிருந்து டெய்சி பையோடு ஓடிவந்து உள்ளே விழுந்தாள். கதவு பூட்டியது. வரிசையில் ஒவ்வொன்றாக எல்லாக் கதவும் பூட்டின.

அவனுடையது பூட்டவில்லை.

கதவின் நினைவிலிருந்து சாருலதாவை அவன் எடுக்கவே இல்லை. வீட்டார் ஒருவர் வெளியே. கதவு காத்திருந்தது. இனி நிபந்தனையை மாற்றினாலும், படித்துச் சம்மதிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அழுகிய முட்டை வாடை நிலைப்படியைத் தாண்டியது. கண் எரிந்தது.

அவள் கடைசியாக அவன் பெயரைச் சொல்லிக் கதறியதாகத் தெருவில் சொன்னார்கள். பூட்டிய கதவுக்குள் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது அன்று காலையில். செருப்பை மாட்டிக்கொண்டே, திரையிலிருந்த அந்த வரியைப் பார்த்துச் சொன்னாள்:

“எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்.”