குரலைப் பிடிச்சுட்டு வாங்க

பெட்டியைத் திறந்ததும் அவள் கை அப்படியே நின்றது. பயணிகள் காதில் மாட்டிக்கொள்ளும் சிறிய கருவிகளை வரிசையாகச் செருகி வைக்கும் பெட்டி அது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. கடைசி வரிசையின் மூலைக் குழி போன மாதத்திலிருந்து காலியாகத்தான் இருந்தது. அதில் இருந்த கருவி எந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இன்று அந்தக் குழி நிறைந்திருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

அலுவலகத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருப்பார்கள், பேருந்தின் குளிர்சாதனத்திலிருந்து தண்ணீர் ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பக்கத்துக் கருவிகள் எல்லாம் காய்ந்துதான் இருந்தன. கைக்குட்டையால் துடைத்தாள். துடைத்த கைக்குட்டையில் கிணறு தூர்வாரும்போது எழும் வாடை வந்தது. அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, கருவியைக் குழியிலேயே வைத்து மூடினாள்.

அவள் சுற்றுலா வழிகாட்டி. காலரில் ஒரு சிறிய மைக், இடுப்பில் அதன் பெட்டி. பள்ளிவாசல்களில் தொழுகிறவர்கள் இருப்பார்கள், குரலை உயர்த்தக் கூடாது. இடிபாடுகளிலோ காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் இந்த ஏற்பாடு. அவள் முணுமுணுத்தால்கூடப் போதும், கூட்டத்தில் எல்லோர் காதிலும் பளிச்சென்று விழும். தலைகளை எண்ணிக்கொண்டு திரிகிற வழக்கம் அவளுக்கு இல்லை. பேருந்து கிளம்பியதும், "வீட்ல யார் பேச்சையும் கேக்காதவங்ககூட இன்னைக்கு என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகணும். என் குரலைப் பிடிச்சுட்டு வாங்க, யாரும் தொலைய மாட்டீங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். போன மாதத்துக்குப் பிறகு அந்த வேடிக்கையை அவள் சொல்வதில்லை.

கடைசியாக ஏறியவள் நாற்பதை ஒட்டிய ஒரு பெண். கையில் வெளிறிப்போன துணித் தொப்பி ஒன்று. அந்தத் தொப்பியைப் பார்த்ததுமே வழிகாட்டிக்கு அடையாளம் தெரிந்தது.

"போன மாசம் இங்க தண்ணித் தொட்டில விழுந்து செத்துப்போனாரே, அவரோட பொண்ணு நான்" என்றாள் வந்தவள், பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்காத குரலில். "அப்பா கடைசியா பார்த்த இடத்தையெல்லாம் நானும் ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கருவிகளைக் கொடுத்துக்கொண்டே வந்தபோது பெட்டியில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல வழியில்லை. மகள் அதை வாங்கி முந்தானையில் ஒருமுறை துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் தலையைச் சாய்த்தாள், தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்பவள் மாதிரி.

பெரிய பள்ளிவாசலில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. செருப்புகளைக் கழற்றி மரத்தட்டுகளில் வைத்தார்கள். கம்பளத்தில் கால் பதிந்ததும் கூட்டத்தின் சத்தம் தானாக அடங்கியது. குவிமாடத்தைச் சுற்றியிருந்த ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் சாய்ந்து இறங்கியது, அதில் தூசி மெல்ல மிதந்தது, எங்கோ ஒரு மூலையில் முதியவர் ஒருவர் தொழுகை முடித்து எழும்போது முழங்கால் சொடக்கிட்டது கூடக் கேட்டது. வழிகாட்டி பள்ளிவாசலைக் கட்டியவர்களைப் பற்றியும் நிலநடுக்கத்தில் விழுந்து மறுபடி எழுந்த தூண்களைப் பற்றியும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு அமைதியான இடத்தில் நிற்கவே அவளுக்குக் கூசியது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா ரொம்ப பயந்த சுபாவம் மேடம். கண் ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் இருட்டுல சுவரைத் தொட்டுட்டுத்தான் நடப்பார். அவர் எப்படித் தனியா அவ்வளவு தூரம் உள்ள போனார்?"

"தெரியலக்கா. நாங்க எல்லாரும் வெளிய வந்துட்டோம். என் மைக்கும் அணைஞ்சிருந்தது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மைக்கைப் பற்றி மகள் கேட்கவே இல்லை.

விசாரணையிலும் அவள் அப்படித்தான் சொன்னாள். நடந்தது வேறு. இடிந்த அரண்மனைக்கு அடியில் தூண்கள் நிறைந்த ஒரு நிலவறை இருக்கிறது, அதன் கோடியில் ஆழமான, பழைய காலத்துத் தண்ணீர்த் தொட்டி. அன்று வெயிலிலிருந்து நிலவறைக்குள் நுழைந்ததும் மகளின் அப்பா, அந்தத் தொப்பிக்காரர், "ஒரு நிமிஷம்மா, கண்ணு பழகட்டும்" என்றார். காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அடுத்த இடத்தை மூடிவிடுவார்கள். "மெதுவா வாங்க சார், என் குரலைப் பிடிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு மறுவாசல் வழியாக வெளியேறினாள். அரண்மனைச் சுவரை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிவாசல். தெரு உயர்ந்து உயர்ந்து அது பள்ளத்தில் போய்விட்டது, உள்ளே போக இறங்க வேண்டும். அவள் வாசலில் நின்றுகொண்டு தன் கூட்டத்துக்கு வழி சொன்னாள். நேரா வாங்க. இப்போ இடது பக்கம். படி இறங்கும், பயப்படாதீங்க, கீழே சமமா இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், இருட்டில், தனியாக நின்றவர் காதிலும் அதே குரல் விழுந்தது. அவர் நம்பி நடந்தார். நேராக. பிறகு இடது பக்கம். பிறகு இறங்கினார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வழக்கு வரும். சொல்லாமல் இருந்ததில் தூக்கம்தான் போயிருந்தது.

அரண்மனையில் வெயில் தணிந்துகொண்டிருந்தது. உடைந்த தூண்களுக்கிடையில் நிழல்கள் நீண்டன, கல்லிடுக்குப் புற்கள் காற்றில் உரசின. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கழுத்தில் கேமராவோடு வந்திருந்த பெரியவர் கை தூக்கினார்.

"யாரும்மா உங்க பக்கத்துல மூச்சு வாங்குறது? பாவம், ரொம்ப தூரம் நடந்த ஆள் மாதிரி இருக்கு."

அவள் பக்கத்தில் யாரும் இல்லை. காற்று சார், மைக்கில் படுகிறது என்று சமாளித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு புதுமணப் பெண் மட்டும், தண்ணீர் சொட்டுகிற சத்தமும் கேட்கிறதே என்று கணவனிடம் கேட்டது காதில் விழுந்தது. மகள் தொப்பியைத் தடவிக்கொண்டு, காதில் விழுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிலவறைக்குள் யாரையும் கூட்டிப்போவதில்லை என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். வாசலுக்கு வெளியே கல் மேடைகளில் எல்லோரையும் உட்காரச் சொன்னாள். கொஞ்சம் இளைப்பாறுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று மைக்கை அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்ததை இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்குப் போனாள்.

டிரைவர் ஜன்னலில் முழங்கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். பல வருடப் பழக்கம்.

"தொப்பியைப் பார்த்ததும் எனக்கும் புரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, தங்கச்சி" என்றார்.

"என்னத்தண்ணா?"

"வண்டியை எப்போ எடுக்கணும்னு தெரியறதுக்கு நானும் ஒண்ணு காதுல மாட்டிட்டுத்தானே உக்காந்திருக்கேன். அன்னைக்கும் மாட்டியிருந்தேன். மைக் அணையல."

ஒரு மாதமாக இந்த மனிதர் இதை மனதில் வைத்துக்கொண்டா தினமும் சிரித்துப் பேசினார்? அழுகை முட்டியது. கூடவே ஏதோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. சொல்லிவிடுகிறேன் அண்ணா, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள். மனதார அப்படித்தான் நினைத்தாள்.

டிரைவர் புருவத்தைச் சுருக்கி, விரலால் காதை அழுத்திக்கொண்டார்.

"நீ இங்க நிக்கிற. அப்போ அங்க பேசிட்டிருக்கிறது யாரு?"

அவர் காதிலிருந்து கருவியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். மூச்சு. தண்ணீர் சொட்டும் சத்தம். அதன்மேல் ஒரு குரல், இதமாக, அவசரமே இல்லாமல். அவளுடைய குரல்.

*எல்லாரும் எழுந்திருங்க. நேரா வாங்க.*

கருவியை வீசிவிட்டு ஓடினாள். பின்னால் டிரைவர் இறங்கி ஓடி வருவது கேட்டது. சட்டென்று அது நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து, கீழே கிடந்த கருவியை எடுத்து, மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கவலையே இல்லை.

கல் மேடைகள் காலி. ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

நிலவறை வாசல். உள்ளே இருட்டு. கண் பழகவில்லை. ஒரு நிமிஷம். கண்ணு பழகட்டும். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். சுவர் ஈரம். பாசி வாடை. முன்னால் செருப்புகள் உரசும் சத்தம், நிதானமாக, வரிசையாக.

மெல்லத் தெரிந்தார்கள். கேமராப் பெரியவர். புதுமணப் பெண், கணவனின் கையைப் பிடித்தபடி. எல்லோருக்கும் ஒரு கை சுவரில். நம்பி வருகிறவர்களின் முகம். இடது பக்கம் திரும்பினார்கள். தொட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு தரையில் கிடந்தது.

வரிசையின் முன்னால் மகள். அவள் கையில் தொப்பி இல்லை. அவளுக்கும் முன்னால் ஒரு கூன் முதுகு. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலையில் தொப்பி. மகள் அந்தத் தோளைப் பிடித்திருந்தாள்.

நில்லுங்க, என்று வழிகாட்டி கத்தினாள். அது நான் இல்ல. மைக் அணைஞ்சிருக்கு. சத்தியமா அணைஞ்சிருக்கு.

யாரும் நிற்கவில்லை.

பாய்ந்துபோய் மகளின் கையைப் பற்றினாள். மகள் திரும்பினாள். கண்ணில் நன்றி இருந்தது.

"நீங்கதானே மேடம் கூப்பிடுறீங்க" என்றாள். "நீங்க சொல்லச் சொல்லத்தான் வந்துட்டிருக்கோம்."

முன்னால் நடந்தவர் இறங்கினார். சத்தமே இல்லை. மகள் காலைத் தூக்கினாள்.

இன்னும் ஒரே படி. பயப்படாதீங்க. கீழே சமமா இருக்கும்.

வழிகாட்டி தன் இடுப்பைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. கையைத் தன் வாய்மேல் வைத்துப் பார்த்தாள்.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.