அபிமன்யுவின் பருக்கள்

என் அண்ணன் சுஜனுக்குப் பதினைந்து வயது. அவன் முகத்தில் எத்தனை பரு என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒருநாள் எண்ணத் தொடங்கினேன். இருபத்து மூன்றாவதில் தலையில் குட்டு விழுந்தது.

குந்தாபுரத்தில் எங்கள் தெருவிலேயே யட்சகானக் கூத்துக் குழு ஒன்று இருக்கிறது. அண்ணன் அதில் ஆறு வருடமாக ஆடுகிறான். இந்த வருடம் கோயில் தேரன்று அவன்தான் அபிமன்யு. ஊரே பார்க்கும் வேஷம் அது. ஆனால் வேஷம் கலைந்ததும் அண்ணன் யாருக்கும் முகம் காட்ட மாட்டான். பள்ளிப் பேருந்திலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வருவான். என்னைக் குட்டினாலும் அண்ணன் அண்ணன்தானே. எனக்குப் பாவமாக இருந்தது.

அம்மா அவனைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டர் மாலினி ஒரு களிம்பு தந்தார்.

"தினம் படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசா தடவணும். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். ஆமா, முகத்துல வேற ஏதாவது போடுவியா? எண்ணெய், மேக்கப்?"

"இல்ல டாக்டர்" என்றான் அண்ணன். அம்மா பணம் கட்ட வெளியே போயிருந்தார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேஷம் கட்டி ஒத்திகை நடக்கும். முதலில் முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய். அதற்கு மேல் வண்ணம். முடிந்ததும் வண்ணத்தைக் கலைக்க மறுபடி எண்ணெய். பழைய துணியால் ஒரு துடை, அவ்வளவுதான். மறுநாள் குளிக்கும்போதுதான் முகத்தில் சோப்பு படும். குழுவில் எல்லாரும் அப்படித்தான்.

அண்ணன் ஒருநாள் விடாமல் களிம்பு தடவினான். புதுப் பருக்களும் ஒரு வாரமும் விடாமல் வந்தன.

"ஏண்ணா டாக்டர்கிட்ட பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா வேஷத்த விட்டுடும்பாங்க. ஆறு வருஷமா காவல்காரனாவே ஆடி, இப்பதான் அபிமன்யு கெடச்சிருக்கு. நீ வாயத் தொறந்தே, தொலைச்சிடுவேன்."

எட்டு வாரம் ஆனது. மறுபடி போனோம். டாக்டர் அவன் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சமாவது கொறஞ்சிருக்கணுமே. சரி, இன்னும் வலுவான மாத்திரை ஒண்ணு எழுதறேன்" என்று பேனாவை எடுத்தார்.

நான் பேசினால் அண்ணனின் அபிமன்யு போய்விடும். பேசாவிட்டால் வேண்டாத மாத்திரை அவன் வயிற்றுக்குள் போகும். வேஷம் போனால் அழுது சண்டை போட்டாவது திரும்ப வாங்கலாம் என்று தோன்றியது.

"டாக்டர், அவன் யட்சகானம் ஆடறான். முகம் பூரா எண்ணெய் தடவுவான்" என்றேன்.

"நிஷ்மிதா" என்று பல்லைக் கடித்தான் அண்ணன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார். அண்ணன் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டான். எண்ணெய், வண்ணம், மறுபடி எண்ணெய், துணி. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாவம் என் களிம்பு. எட்டு வாரமா எண்ணெயில வழுக்கி வழுக்கி விழுந்திருக்கு" என்று டாக்டர் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "வேஷத்த விட்டுடணுமா, டாக்டர்?"

"எதுக்குப்பா விடணும்? எண்ணெய விடு, போதும். வண்ணத்துக்கு அடியில பூச வேற ஒண்ணு தரேன். ஆடி முடிச்ச கையோட இந்த சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவு. மாத்திரை வேண்டாம், அதே களிம்பு போதும். தேர் எப்போ?"

"மூணு மாசம் இருக்கு."

"எனக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வை."

வெளியே வந்ததும் அண்ணன் என்னை விட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்தான். பேருந்து நிலையத்தில் சூடாகக் கோலி பஜ்ஜி உருண்டைகள் வாங்கினான். எண்ணிப் பார்த்தேன். எனக்கு இரண்டு அதிகமாக வைத்திருந்தான்.

தேரன்று அபிமன்யு சுழன்று சுழன்று ஆடினான். அவன் விழுந்தபோது முன்வரிசையில் டாக்டரே மூக்கை உறிஞ்சினார். ஆட்டம் முடிந்ததும் அண்ணன் சோப்பு போட்டு இரண்டு தடவை முகம் கழுவினான். பருக்கள் எல்லாம் போய்விடவில்லை. தழும்புகளும் நாலைந்து பருக்களும் இருந்தன. ஆனாலும் அவன் நேராக வெளிச்சத்துக்கு வந்து, எல்லார் நடுவிலும் நின்று சிரித்துப் பேசினான்.

குழுவில் சின்னவனான ஹர்ஷித் தயங்கித் தயங்கி வந்தான். அவன் நெற்றியில் புதுப் பருக்கள்.

"ஒனக்கு எப்படிண்ணா கொறஞ்சுது?"

"டாக்டர்கிட்ட போ. எதையும் மறைக்காம சொல்லு."

"எனக்குச் சொல்ல பயமா இருக்கே."

அண்ணன் என்னைப் பிடித்து அவன் முன்னால் நிறுத்தினான்.

"அப்போ இவளக் கூட்டிட்டுப் போ."