ஓடாமலே தேய்ந்த ஸ்பிண்டில்

திங்கட்கிழமை, காலை எட்டரை. சுவிட்சைப் போட்டதும் ஸ்பிண்டில் அலறியது.

டிசைனர் சட்டென்று சுவிட்சை அணைத்தாள். உலோகம் செதுக்கும் இயந்திரத்தின் தலையில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றவேண்டிய தண்டு அது. மூன்று வருஷமாக வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து அவள் உருவாக்கியது. வெள்ளிக்கிழமை சத்தமே இல்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு சோதனை அறை பூட்டியே கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன். சொந்த டிசைன் எல்லாம் நமக்கு ஒத்துவராதும்மா. இன்னியோட உன் டிசைன் ரூமை மூடிடுவோம்" என்றார் முதலாளி. அவளுக்கு மாமனாரும் அவர்தான்.

"கொஞ்சம் பொறுங்க மாமா. பிரிச்சுப் பாத்துடுறேன்."

பிரித்தாள். பேரிங்கில் குண்டுகள் உருளும் தடத்தில், குண்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குழி. ஓடித் தேய்ந்தால் கோடு விழும், குழி விழாது. சுற்றாமல் நின்ற இடத்திலேயே வெகுநேரம் குலுங்கினால்தான் இப்படி ஆகும். அடப்பாவி! எவனோ இதை ரோட்டில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான்.

அறைக்கு மூன்று சாவி. ஒன்று மாமனாரிடம்; அவர் இடுப்புப் பிடித்துப்போய் சனி, ஞாயிறு இரண்டு நாளும் படுக்கையில் கிடந்தார். இன்னொரு சாவி விற்பனையைப் பார்க்கும் அவள் கணவனிடம். மூன்றாவது வேன் டிரைவரிடம்.

"வேற யாரு? டிரைவர்தான்! போலீசைக் கூப்பிடுங்கப்பா" என்று குதித்தான் கணவன்.

"ஐயோ, என் பிள்ளைங்க மேல சத்தியம் ஐயா, நான் தொடவே இல்ல." டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, வேன்ல ஸ்பிண்டிலை எப்படி வைப்பீங்க?" என்று கேட்டாள் அவள்.

"நிக்க வச்சுத்தாம்மா. அதுக்குன்னு ஒரு கூண்டை வேன் தரையோட வெல்டு பண்ணியிருக்கு. படுக்கப் போட இடம் ஏது?"

போய்ப் பார்த்தாள். உண்மைதான், கூண்டு வேனையே அடைத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பேரிங்கை மறுபடி விளக்கில் காட்டினாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று விடவும் மனசு வரவில்லை.

"மாமா, குழியெல்லாம் ஒரு பக்கம் மட்டும் ஆழம். நிக்க வச்சுக் கொண்டுபோயிருந்தா சுத்தியும் ஒரே மாதிரி விழுந்திருக்கும். இது படுத்துக்கிட்டே போயிருக்கு. வேன்ல முடியாது. கார் டிக்கியில முடியும்." கணவன் பக்கம் திரும்பினாள். "சாவி இருக்கறவங்கள்ல கார் வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தாங்க."

"ஓடாத சாமான் எப்படிடி தேயும்?"

"அப்படி நினைச்சுத்தானே தைரியமா எடுத்துட்டுப் போனீங்க?"

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்கடா கொண்டுபோன?" என்றார் மாமனார்.

"போட்டிக் கம்பெனிக்கு. பெரிய வேலை தர்றேன்னாங்க. எத்தனை நாளைக்குப்பா உங்க கைய எதிர்பாத்துக்கிட்டு நிக்கிறது?"

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் மட்டும் கேட்டாள்: "யாரோட டிசைன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "என்னுதுன்னு."

அதுவரை அழாதவள், அப்போது அழுதாள்.