நிழல் கோடு

காது சோதிக்கும் கருவியில் அப்போது எந்த ஒலியும் இல்லை. ஜெபகனியின் விரல் விசையின் மேல் சும்மாதான் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கரைந்தது, அவ்வளவுதான். இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலி புகாத அறைக்குள் உட்கார்ந்திருந்த சித்ரலேகா, புளியங்கொட்டை முத்து ஒன்றை டப்பாவில் போட்டாள்.

பிறந்ததிலிருந்து இரண்டு காதும் கேட்காத ஆறு வயதுப் பிள்ளை.

“கேக்கு! பாத்தியளா டாக்டரம்மா, பிள்ளைக்குக் கேக்கு!” பக்கத்து ஸ்டூலில் இருந்த அவளுடைய அம்மா கோமு எழுந்தேவிட்டாள்.

“உக்காருங்கம்மா. நான் இன்னும் சத்தமே குடுக்கல.”

“பின்ன எதுக்கு முத்தப் போட்டா?”

“விளையாட்டுன்னு நெனச்சிருப்பா.”

ஜெபகனி சொல்லிவிட்டாளே தவிர, சொன்னது அவளுக்கே ஒட்டவில்லை. சித்ரலேகா அப்படிப் போடுகிற பிள்ளை இல்லை. ஒரு முத்தைக் காதருகே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், சத்தம் விழுந்தால் டப்பாவில் போட வேண்டும், விழாவிட்டால் கை அசையக் கூடாது. அதிர்வைக் கையில் தொட்டுக் காட்டிப் பழக்கியதை அப்படியே பிடித்துக்கொண்டவள். வள்ளியூரிலிருந்து கோமு அவளை மூன்று தடவை கூட்டி வந்திருக்கிறாள். மூன்று தடவையும் டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. மெட்ராசில் தலையில் வயர் வைத்து மூளைவரை பார்த்த சோதனையிலும் ஒன்றும் எழும்பவில்லை. வரும் ஜூனில் ஊர்ப் பள்ளிக்கூடமா, காது கேளாதவர்களின் விடுதியா என்று முடிவாக வேண்டும். அதற்குத்தான் இந்த நாலாவது சோதனை.

இன்று ஹெட்போனை மாட்டும்போது மட்டும் ஒரு சின்னக் கூத்து நடந்தது.

“என் காத வேணும்னாலும் அறுத்துத் தாரேன் டாக்டரம்மா. வச்சு விடுதியளா?” என்று கோமு வாசலில் நின்று கேட்டாள்.

“ரைஸ்மில்லுல பத்து வருசம் கெடந்த காது உங்களுது. பாதிதான் மிச்சம் இருக்கும். வைக்கதுன்னா நல்ல காதாப் பாத்து எடுத்து வைக்கணும்லா?” என்று ஜெபகனி சிரித்தாள்.

பிள்ளை அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் காதுக்குப் பின்னால் இருந்த எலும்பை அவளுடைய இடது காதின் எலும்போடு வைத்து அழுத்தியது. பாசம் என்றுதான் நினைத்தாள். ஆனால் விடுவித்துக்கொள்ளக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. அந்த இடம் இன்னும் ஈரத்துணி ஒட்டியது போலக் குளிர்ந்தே கிடந்தது.

இப்போது விசையை அழுத்தினாள். அறுபது டெசிபல் சத்தத்தில் ஒரு முத்து விழுந்தது. ஐம்பத்தைந்தில் ஒரு முத்து. ஐம்பதில் ஒரு முத்து. நாற்பத்தைந்தில் கை அசையவில்லை. ஒவ்வொரு முத்து விழும்போதும் அவளுடைய இடது காதின் ஆழத்தில், கொசுவின் சிறகைவிட மெல்லியதாக ஏதோ ஒன்று கூவி அடங்கியது. ஒவ்வொரு சுருதியாக மாற்றி, வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தாள்.

“என்னம்மா சொல்லுது?”

“கோடு விழுந்திருக்கு. ஆனா நிழல் கோடா இருக்கும்.”

“நிழலா?”

“ஒரு காது செத்துப்போயிருந்தாலும், அந்தப் பக்கம் குடுக்க சத்தம் மண்டை எலும்பு வழியா நல்ல காதுக்குப் போயிரும். அது கேட்டுட்டு முத்தப் போடச் சொல்லும். தாள்ல பாத்தா செத்த காது கேக்க மாதிரியே இருக்கும். நல்ல காதோட கோடு எப்படியோ, அச்சு அசலா அப்படியே, அம்பது தள்ளிக் கீழ விழும்.”

“அப்ப பிள்ளைக்கு நல்ல காது எதும்மா? வலதா, எடதா?”

ஜெபகனி தாளை அருகே இழுத்துப் பார்த்தாள். சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இரண்டுமே நிழல். நிழல் விழுந்திருக்கிறது, ஆனால் அதை விழவைத்த காது அந்தத் தலையில் இல்லை.

கோடு நேராக வந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் மட்டும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தது. அந்தப் பள்ளத்தை அவளுக்குத் தெரியும். ஏழு வயதில், கிறிஸ்துமஸ் அன்று இடது காதருகே வெடித்த ஒரு வெடி போட்ட பள்ளம் அது. அது ஒன்றைத் தவிர அவள் காதில் குறையே கிடையாது. ஆலயத்துப் பாடகர் குழுவில் யார் அரைச் சுருதி இறங்கினாலும் முதலில் திரும்புகிறவள் அவள்தான். தினமும் காலையில் தன் காதை வைத்துத்தான் கருவியைச் சரிபார்ப்பாள். அந்தத் தாள் எதிர்ச் சுவரில் குத்தியிருந்தது.

எடுத்து வந்து பிள்ளையின் தாள் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தினாள். ஐம்பதில் இரண்டு கோடும் ஒன்றாயின. பள்ளத்தோடு.

“கரண்ட் போயிட்டா?” என்று கேட்டாள்.

“இல்லையே. ஃபேன் ஓடுதுல்லா?” கோமுவின் குரல் அடைத்த கதவுக்கு அப்பால் இருந்து வந்தது போல் இருந்தது.

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வருடமாக அவள் திட்டிக்கொண்டிருந்த டக்கு டக்கைத்தான் காணவில்லை. வராந்தாவில் ஆஸ்பத்திரி ஊழியர் ஞானையா சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் ஓட்டைத் தரையில் குதித்துக் குதித்துப் போனது. சத்தம் மட்டும் பஞ்சில் உருளுவது போல.

நிழலை அழிக்க ஒரு முறை இருக்கிறது. நல்ல காதை இரைச்சல் போட்டு மூடிவிட்டால் நிழல் போய்விடும். இரைச்சல் குமிழைத் திருகினாள். மழைக்கால வெள்ளம் தாமிரபரணிப் பாலத்தின் தூண்களில் மோதி இரைவது போல, அந்த இரைச்சல் வந்து விழுந்தது.

அவளுடைய இடது காதில்.

கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். ஹெட்போன் இல்லை. வயர் இல்லை. வெறும் காது.

கண்ணாடிக்குள் சித்ரலேகா அவளைப் பார்த்துச் சிரித்தாள். தன் இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள், இரைச்சல் தாங்காதவள் போல.

ஜெபகனி கருவியின் சுவிட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. இரைச்சல் நின்றது. அதோடு எல்லாமே நின்றது.

ஃபேன் சுற்றியது. சத்தமில்லை.

வேப்பமரத்தில் காக்கை அலகைத் திறந்தது. சத்தமில்லை. உள்ளே ஒரு முத்து டப்பாவில் விழுந்தது.

கோமு ஸ்டூலை இழுத்தாள். ஒரு முத்து.

கோமுவின் வாய் அசைந்தது. ‘என்னம்மா’ என்கிற அசைவு. ஒரு முத்து. பிறகு கோமு கண்ணாடியைக் காட்டிக் காட்டி, கண்ணில் நீர் வழிய, கையைத் தட்டினாள். தட்டத் தட்ட முத்து. முத்து. முத்து.

அந்த அறைச் சுவருக்குள் வெளிச் சத்தம் எதுவும் போகாது. கதவு சாத்தியிருந்தது. ஹெட்போன் எப்போதோ கழன்று பிள்ளையின் மடியில் கிடந்தது.

ஜெபகனி வாயைத் திறந்து கத்தினாள். தொண்டை அதிர்ந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. கோமு மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சித்ரலேகா ஒரு முத்தை டப்பாவில் போட்டாள். இன்னொன்றை எடுத்துக் காதருகே பிடித்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தாள்.