விடுபட்ட நான்கு வரிகள்

சவுரியம்மாளுக்கு வயிறு எரிந்தது. வஹீதா எழுதிய ஒரே ஒரு வரிதான் காரணம்.

அது 1934ஆம் ஆண்டு. ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு கையெழுத்துப் பத்திரிகை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்காகச் சவுரியம்மாளும் வஹீதாவும் சேர்ந்து ஒரு கதை எழுதினார்கள். பட்டு, முத்து என்று இரண்டு தோழிகள். பட்டு படிக்க வேலூருக்குப் போகிறாள். முத்து ஊரிலேயே நின்றுவிடுகிறாள். ஓர் அத்தியாயத்தைப் பட்டு 'நான்' என்று சொல்வாள். அடுத்ததை முத்து 'நான்' என்று சொல்வாள். பட்டுவாக எழுதியது சவுரியம்மாள். முத்துவாக எழுதியது வஹீதா.

கண்ணம்மாள் டீச்சர் முத்துவின் அத்தியாயத்தை வகுப்பில் வாசித்தார். "'பட்டு போன பிறகு ஊரே, சாறு இறங்கிய ஆவாரம்பட்டை மாதிரி சக்கையாய்க் கிடந்தது.' உவமைன்னா இப்படி இருக்கணும்," என்றார்.

சவுரியம்மாள் எழுதிய நான்கு பக்கத்துக்கு, "நல்லா இருக்கு" என்பதோடு சரி.

தோல் பதனிட ஊறவைத்துவிட்டு, தோல் ஷாப் வாசலில் கொட்டிக்கிடக்கும் அந்தப் பட்டைச் சக்கையைத் தாண்டித்தான் அவள் தினமும் பள்ளிக்கு வருகிறாள். அது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

அடுத்த அத்தியாயத்தில் ஒரு கை பார்த்துவிட்டாள். 'நிலாவைப் போன்ற விடுதியம்மா மயிலைப் போல நடந்து வந்து, குயிலைப் போலக் கூவி, மானைப் போலத் துள்ளி எனக்குச் சோறு போட்டாள்' என்று எழுதினாள்.

டீச்சர் அதை வாசித்ததும் வகுப்பே சிரித்தது.

"விடுதியம்மாவா, அமிர்தி காடா?" என்று கேட்டாள் வஹீதா. சிரிப்பு இன்னும் பலத்தது.

சவுரியம்மாளின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதனால் பத்திரிகையில் கதையைப் பேனாவால் எடுத்தெழுதும் வேலை அவளுடையது. வஹீதாவின் கடைசி அத்தியாயத்தில் இந்த வரிகள் இருந்தன:

'நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். பட்டுவின் புதுப்பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மூஞ்சியோடு எப்படிக் கையசைப்பது?'

ஓர் உவமைகூட இல்லை. ஆனாலும் சவுரியம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். இதையும் டீச்சர் புகழ்வார். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அந்த நான்கு வரிகளைத் தாண்டிப் போய்விட்டது.

மறுநாள் கதையை முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். முதல் அத்தியாயத்தில் பட்டு சொல்கிறாள்: 'முத்து என்னை வழியனுப்ப வரவே இல்லை. அவளுக்கு என்மேல் பிரியமே கிடையாது.' கதை முடிகிறவரை இப்போது அதை மறுக்க ஆளில்லை. முத்து கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டாள்.

மரத்துக்குப் பின்னால் முத்து நின்றது பட்டுவுக்குத் தெரியாது. முத்துவே சொன்னால்தான் உண்டு. அவள் வாயைத்தான் சவுரியம்மாள் அடைத்துவிட்டாள்.

பக்கத்தைக் கிழிக்கவும் முடியாது. பின்பக்கத்தில் அவர்கள் வகுப்புக் கமலம் வரைந்த படம் இருந்தது.

நேரே வஹீதா வீட்டுக்குப் போனாள்.

"உன் நாலு வரிய வேணும்னே விட்டுட்டேன்."

"ஏன்?"

"ரொம்ப நல்லா இருந்தது. பொறுக்கல."

வஹீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்ப இன்னா பண்றது? எடம் எங்க இருக்குது?"

"கடைசிப் பக்கம் காலியா இருக்குது. முத்து அத பட்டுவுக்குக் கடுதாசியா எழுதட்டும். அதுவரைக்கும் படிக்கிறவங்களுக்கும் தெரிய வேணாம். பட்டுகூடவே அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

வஹீதா யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கும். ஆனா உன்மேல கோவம் போகல."

"சரி," என்றாள் சவுரியம்மாள்.

கடிதத்தை ஓர் எழுத்து விடாமல் எழுதினாள். அதன் கீழே பட்டுவின் பதிலையும் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் முழுக்கதையையும் வாசித்தார். முத்து வரவே இல்லை என்று பட்டு சொன்னபோது, "மோசமான பொண்ணு," என்று முணுமுணுத்தாள் கமலம். கடைசியில் முத்துவின் கடிதம் வந்தது. கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பட்டுவின் பதில்:

'முத்து, அந்தப் பெட்டியில் பாதி காலிதான். நீ வரவில்லை என்று வேலூர் வரை அழுதேன். லீவுக்கு வருகிறேன். மரத்துக்கு முன்னால் நில்.'

டீச்சர் பத்திரிகையை மூடினார்.

நான்கு நாளாகத் தள்ளி உட்கார்ந்திருந்த வஹீதா, தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க வந்து குந்து," என்றாள்.

சவுரியம்மாள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனாள்.